எண்ணெய்த் தொட்டியும் அதில் அடங்காத வாயுவும்: கிணற்றுச் சோதனைத் தொட்டிகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

எண்ணெய்க் கிணற்றுத் தளம் ஒன்றைச் சாலையில் நின்று பார்ப்பவரின் கண் முதலில் போவது, எரிந்துகொண்டிருக்கும் தீப்பிழம்பின் மேல்தான். நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி ஊருக்குள் நடக்கும் பேச்சும் பெரும்பாலும் அந்தத் தீயைச் சுற்றியே இருக்கும். கிணற்றைச் சோதிக்கும் நாட்களில் அதே தளத்தில் வந்து நிற்கும் இரும்புத் தொட்டியை யாரும் பொருட்படுத்துவதில்லை. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் போல அதுவும் ஒரு தொட்டி, எண்ணெயைப் பிடித்து வைக்கிறது என்று விட்டுவிடுகிறோம். இந்தத் தொழிலில் புதிதாகச் சேரும் உதவியாளர்கள் பலரும் அந்த எண்ணத்தோடுதான் தளத்துக்கு வருகிறார்கள்.

எரியும் முனைக்குப் போய்ச் சேர்ந்த வாயு எங்கே இருக்கிறது, என்ன ஆகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குள் எண்ணெயில் கரைந்து வந்த வாயு எப்போது வெளியேறும், எந்த வழியாக வெளியேறும் என்பதை யாராவது ஒருவர் இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தால்தான் தெரியும். அளவு சரியாக வருவதும் ஆட்கள் பத்திரமாக வீடு திரும்புவதும் இந்த ஒரே கேள்வியைத்தான் நம்பியிருக்கின்றன. இக்கட்டுரை அந்தக் கேள்வியை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

கிணற்றுச் சோதனை என்பது என்ன

புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டாரை இறக்கி, சில மணி நேரம் ஓட்டி, இரண்டு இஞ்சு தண்ணீர் வருகிறதா மூன்று இஞ்சு வருகிறதா என்று பார்க்கிறார். நிறுத்திய பிறகு நீர்மட்டம் எவ்வளவு நேரத்தில் பழையபடி ஏறுகிறது என்றும் பார்க்கிறார். ஊற்றின் வளத்தை அவர் தெரிந்துகொள்ளும் வழி அது. எண்ணெய்க் கிணற்றைச் சோதிப்பதும் அதே வேலைதான். கிணற்றைச் சில மணி நேரமோ சில நாட்களோ திறந்துவிட்டு, எண்ணெய், வாயு, தண்ணீர் ஆகிய மூன்றும் எந்த வேகத்தில் வருகின்றன என்று அளக்கிறார்கள். பிறகு மூடிவிட்டு, அடியில் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று பதிவு செய்கிறார்கள். இதற்குக் கிணற்றுச் சோதனை என்று பெயர்.

பூமிக்கடியிலிருந்து வருவது மூன்றும் கலந்த கலவை. அதுவும் மிகுந்த அழுத்தத்தோடு வருகிறது. அது முதலில் சோக் என்னும் சிறு துளையின் வழியாகச் சென்று அழுத்தத்தை இழக்கிறது. தேவையானால் சூடாக்கப்படுகிறது. அடுத்துச் செப்பரேட்டர் என்னும் மூடிய உருளைக் கலத்துக்குள் நுழைகிறது. அங்கே எடை மிகுந்த தண்ணீர் அடியிலும், எண்ணெய் அதன் மேலும், வாயு எல்லாவற்றுக்கும் மேலுமாகப் பிரிந்து நிற்கின்றன. வாயு எரியும் முனைக்கும் தண்ணீர் தன் வழிக்கும் போய்விட, எண்ணெய் நம்முடைய தொட்டிக்கு வருகிறது.

சோடா பாட்டிலைத் திறந்தால் நடப்பது

செப்பரேட்டர்தான் வாயுவைப் பிரித்துவிட்டதே, தொட்டிக்கு வருவது வெறும் எண்ணெய்தானே என்று கேட்கத் தோன்றும். இந்தத் துறையில் பரவலாக இருக்கும் தவறான எண்ணங்களுக்கு இதுவே வேர்.

மூடிய கோலி சோடாவைப் பாருங்கள். உள்ளே ஒரு குமிழி கூடத் தெரியாது. கோலியை அழுத்தியதும் பொங்குகிறது. வாயு புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அழுத்தம் இருந்தவரை நீரில் கரைந்து கிடந்தது, அழுத்தம் விட்டதும் வெளியே வருகிறது. செப்பரேட்டருக்குள் 20 பார் அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்; ஆகவே அங்கே இருப்பது அதைப்போல இருபது மடங்கு. அந்த அழுத்தத்தில் பிரியக்கூடிய வாயு மட்டுமே அங்கே பிரியும். மீதி எண்ணெய்க்குள்ளேயே கரைந்திருக்கும். எண்ணெய் தொட்டிக்குள் விழுந்து காற்றழுத்தத்துக்கு இறங்கும்போதுதான் அந்த மீதி வெளியேறும். ஒரு பீப்பாய் எண்ணெயிலிருந்து இப்படிப் பல பீப்பாய் கன அளவுள்ள வாயு வெளியே வருவது சாதாரணம்.

வாயு போனதும் எண்ணெயின் பருமன் குறைகிறது. செப்பரேட்டரின் வெளிக்குழாயில் உள்ள மீட்டர் 1,000 பீப்பாய் என்று காட்டியது தொட்டியில் 900 பீப்பாயாக நின்றால், அந்தக் கிணற்று எண்ணெயின் சுருக்கக் காரணி 0.9 ஆகும். அதாவது மீட்டர் காட்டும் எண்ணை எதனால் பெருக்கினால் வாயு நீங்கிய எண்ணெயின் உண்மையான அளவு கிடைக்குமோ அந்த எண். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது சோடாவை அளந்தது, தொட்டி சோடாவின் வாயு போன பின் நின்ற நீரை அளந்தது. எனவே சோதனைத் தளத்தில் தொட்டிக்கு முதல் வேலை சேமிப்பதல்ல. மீட்டரைச் சரிபார்ப்பதும் இந்தக் காரணியைக் கண்டுபிடிப்பதும்தான்.

ஒரு சென்டிமீட்டரின் விலை

காற்றழுத்தத்தில் இயங்கும் அளவுத் தொட்டியைத் தளத்தில் கேஜ் டேங்க் என்பார்கள். 100 பீப்பாய் கொள்ளளவும் நடுவே தடுப்பு வைத்த இரண்டு அறைகளும் உள்ள அமைப்பு மிகவும் பரவலானது. ஓர் அறை நிரம்பிக்கொண்டிருக்கும்போது, மற்ற அறையில் எண்ணெயை அடங்கவிட்டு, அளந்து, பம்பு வைத்து வெளியேற்றலாம்.

கணக்கு எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 2 மீட்டராக உள்ள ஓர் அறையைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் கொள்ளளவு 8 கனமீட்டர், அதாவது 8,000 லிட்டர். எண்ணெய்த் தொழிலில் ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர் என்பதால் இது சுமார் 50 பீப்பாய். அடிப்பரப்பு 4 சதுரமீட்டர்; ஆகவே மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 40 லிட்டர், கால் பீப்பாய். பத்து நிமிடத்தில் 28 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் வந்தது 1,120 லிட்டர், ஏறக்குறைய 7 பீப்பாய். ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள் உள்ளன என்பதால், இந்தக் கிணறு நாளொன்றுக்கு ஆயிரம் பீப்பாய்க்குச் சற்று மேல் தருகிறது என்று எழுதிவிடலாம்.

இப்போது அளந்தவர் ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறாகப் படித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் 40 லிட்டர் பிழை. நாளுக்கு 5,760 லிட்டர், அதாவது 36 பீப்பாய். மட்டம் காட்டும் பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாயில் நுரையை மட்டம் என்று படிப்பதாலேயே இந்தப் பிழை நேரலாம். பால் சங்கத்தில் நுரையோடு ஊற்றிய பாலை அளக்கச் சம்மதிக்காத செயலாளரை எல்லோருக்கும் தெரியும். அவருடைய பிடிவாதம் இங்கேயும் வேண்டும். நுரை அடங்கும்வரை காத்திருந்து அளப்பதே முறை.

இன்னும் இரண்டு திருத்தங்கள் உண்டு. எண்ணெய் சூட்டில் விரியும். கச்சா எண்ணெயின் வகையைப் பொறுத்துச் சற்று முன்பின் இருந்தாலும், 10 டிகிரி செல்சியசுக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக விரியும் என்று கொள்ளலாம். அதனால் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, எல்லா அளவுகளையும் 15 டிகிரி செல்சியசு அல்லது 60 டிகிரி பாரன்ஹீட்டு என்ற பொது நிலைக்கு மாற்றி எழுதுகிறார்கள். அடுத்தது, எண்ணெயோடு கலந்து வரும் தண்ணீரும் மணலும். மாதிரி எடுத்து, சுழற்றும் கருவியில் வைத்துப் பிரித்து, அந்தப் பங்கைக் கழித்துவிடுவார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தொட்டிக்கு வரும் எண்ணெயில் இன்னும் வாயு இருக்கிறது, அது வெளியேறிய பிறகு நிற்கும் அளவே உண்மையான அளவு, அந்த வெளியேற்றம் தொட்டிக்குள்ளேயே நடக்கிறது. இனிப் பார்க்கப்போகும் ஆபத்துகள் எல்லாம் இந்த மூன்றாவது செய்தியிலிருந்து பிறப்பவை.

பாத்திரமும் குக்கரும்

கேஜ் டேங்க் மூடி போட்ட பாத்திரம் போன்றது. உள்ளே வரும் ஆவி மேலே உள்ள காற்றுக்குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் தாங்குவதற்கு அது கட்டப்படவே இல்லை. எண்ணெயை அளக்கும் இன்னொரு வகைத் தொட்டியான சர்ஜ் டேங்க் பிரஷர் குக்கர் போன்றது. நின்ற நிலையில் உள்ள உருளைக் கலம். 50 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 3.5 பார் அழுத்தம் தாங்கும்படி கட்டப்பட்டவை பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன. குக்கரில் இருப்பதைப் போலவே, அழுத்தம் மீறினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வு இதற்கு உண்டு. வெளியேறும் வாயு காற்றில் கலக்காமல் குழாய் வழியாக எரியும் முனைக்கே போகும்.

இரண்டில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அளவுக்குப் பாத்திரம் வசதியானது, ஆளுக்குக் குக்கர் நல்லது. சர்ஜ் டேங்கில் சிறிது அழுத்தம் எஞ்சியிருப்பதால் வாயு முழுவதும் வெளியேறியிருக்காது. அதற்கேற்ற திருத்தம் வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு கலந்த கிணறு என்றால் விவாதத்துக்கே இடமில்லை. கேஜ் டேங்கைத் தளத்துக்குக் கொண்டுவரவே கூடாது, சர்ஜ் டேங்க்தான்.

அளந்து முடித்த எண்ணெய் பம்பு மூலம் சேமிப்புத் தொட்டிக்கோ டேங்கர் லாரிக்கோ எரிப்பானுக்கோ போகிறது. சேமிப்புத் தொட்டியும் பெரும்பாலும் பாத்திர வகைதான். பாத்திரத்துக்குரிய பலவீனங்கள் எல்லாம் அதற்கும் உண்டு.

தொட்டியும் மூச்சு விட வேண்டும்

ஒரு பீப்பாய் எண்ணெய் உள்ளே போனால், அங்கே இருந்த ஒரு பீப்பாய் ஆவி வெளியே வந்தாக வேண்டும். அதோடு எண்ணெயிலிருந்து புதிதாகப் பிரியும் வாயுவும் வெளியேற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வழி இருந்தால் தொட்டி நிம்மதியாக இருக்கும். அந்தக் காற்றுக்குழாயைச் சாக்கு கொண்டு அடைத்து வைத்தாலோ, குளவி கூடு கட்டிவிட்டாலோ, உறைந்த மெழுகு அடைத்துக்கொண்டாலோ என்ன ஆகும்?

தொட்டியின் கூரை 6 சதுரமீட்டர் பரப்புள்ளது என்று கொள்வோம். உள்ளே அழுத்தம் 0.1 பார் மட்டும் கூடுகிறது. சைக்கிள் டயரில் இருப்பதை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் 0.1 பார் என்பது ஒவ்வொரு சதுரமீட்டரையும் ஏறத்தாழ ஒரு டன் எடைக்குரிய விசையோடு தள்ளுவது. கூரையை உள்ளிருந்து 6 டன் தூக்குகிறது. தட்டையான தகடும் அதன் பற்றவைப்பும் அதைத் தாங்குவதற்கு உருவானவை அல்ல.

குழாய் திறந்தே இருந்தாலும் ஒரு நிகழ்வு அதை மீறிவிடும். செப்பரேட்டரில் எண்ணெய் மட்டம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்பதால்தான் அதற்கு மேலுள்ள வாயு எண்ணெய்க் குழாய்க்குள் நுழைய முடியாமல் இருக்கிறது. குளிர்பானத்தை உறிஞ்சும்போது கடைசியில் திரவம் தீர்ந்து, குழலில் காற்று களகளவென்று ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலோ, யாராவது அதைத் தாண்டிச் செல்லும் பக்கவழியைத் திறந்துவிட்டு மறந்தாலோ, எண்ணெய் முழுவதும் வடிந்து அதே குழாயில் வாயு பாயத் தொடங்கும். தளத்தில் இதைக் கேஸ் புளோபை என்று சொல்வார்கள். 20 பார் அழுத்தத்தில் ஒரு கனமீட்டராக இருந்த வாயு தொட்டிக்குள் வந்ததும் ஏறத்தாழ 20 கனமீட்டராக விரியும். எண்ணெயின் வேகத்தை மனத்தில் வைத்து அமைத்த காற்றுக்குழாய்க்கு அதை வெளியேற்றும் திறன் இருக்காது. கூரை பிளக்கலாம், பிளக்காவிட்டாலும் தளம் முழுவதும் எரியும் ஆவி பரவும்.

ஆகவே தொட்டியைக் காவல் காப்பவர் உண்மையில் செப்பரேட்டரின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதில் பொருள் இருக்கிறது. மட்டக் கண்ணாடியைப் பார்க்கும் ஒருவர், மட்டம் தாழ்ந்தால் தானே மூடும் வால்வு, ஓசை எழுப்பும் எச்சரிக்கை ஆகிய மூன்றும் இருக்கும்போதுதான் எண்ணெயைக் கேஜ் டேங்குக்குத் திருப்புவது பொறுப்பான செயல்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. தண்ணீர் பாட்டிலின் வாயில் வாய் வைத்து உறிஞ்சினால் பாட்டில் ஒடுங்குகிறது. காற்றுவழி அடைபட்ட தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை இழுத்தால் தொட்டியும் அப்படியே உள்ளே நசுங்கும். எவ்வளவு தடித்த தகடாகத் தோன்றினாலும் விதிவிலக்கு இல்லை.

மேல் மூடியைத் திறப்பவர்

தொட்டியின் மேலே உள்ள சிறு மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை இறக்கி மட்டம் பார்ப்பதை டிப் எடுப்பது என்பார்கள். இரும்போடு உரசினாலும் எளிதில் பொறி எழாது என்பதால்தான் குண்டு பித்தளையில் இருக்கிறது. அதே மூடி வழியாகத்தான் மாதிரியும் எடுப்பார்கள். மாதிரி எடுக்கும் குழலுக்கு ஆங்கிலத்தில் திருடன் என்றே பெயர். நடு ஆழத்தில் கொஞ்சம் எண்ணெயைத் திருடிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். மூடிக்கும் தீஃப் ஹேட்ச் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மூடியைத் திறந்த கணத்தில், உள்ளே அடைந்திருந்த ஆவி திறந்தவரின் முகத்தில் அடிக்கிறது. வாசனை பிடிக்காமல் தலை சுற்றும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஓஷா, நையோஷ் என்னும் இரு அரசு அமைப்புகள் 2016-இல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டன. 2010 முதல் 2014 வரை எண்ணெய் வயல் தொட்டிகளில் கையால் டிப் எடுத்தபோதோ மாதிரி எடுத்தபோதோ ஒன்பது தொழிலாளர்கள் இறந்ததை அவை அதில் சுட்டிக்காட்டின. தீ விபத்தோ வெடிப்போ அங்கே காரணம் அல்ல. திரண்டு வெளிவந்த எண்ணெய் ஆவியும், அது காற்றை விலக்கியதால் ஏற்பட்ட ஆக்சிஜன் குறைவும் அந்த மரணங்களுக்குக் காரணமாகவோ துணைக்காரணமாகவோ இருந்தன. இரண்டு மூன்று மூச்சிலேயே மயக்கம் வரலாம். இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடலாம். நெஞ்சடைப்பு என்று எழுதி மூடிவிடக்கூடிய மரணமாக அது தோன்றுவது இதில் கூடுதல் அவலம்.

ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. நம் ஊர்களில் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்களை வீழ்த்தும் வாயுக்களில் முதன்மையானது இதுதான். மிகக் குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கின் மோப்பத் திறனே மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது, வாயு கலைந்துவிட்டது என்று ஆள் நம்பிவிடுகிறார். பத்து லட்சத்தில் 700 பங்குக்கு மேல் போனால் சட்டென்று நினைவிழந்து விழலாம். காற்றைவிடச் சற்று எடை கூடியது என்பதால் பள்ளங்களிலும் தொட்டியின் அடிப்பக்கத்திலும் தேங்கும். மூக்கை நம்பக் கூடாது என்பதால்தான் சட்டையில் மாட்டும் வாயு எச்சரிப்புக் கருவியை, பத்து லட்சத்தில் 10 பங்கு போன்ற சிறிய அளவிலேயே அலறும்படி அமைக்கிறார்கள்.

முகத்தில் கட்டும் துணியும், தூசு வடிகட்டும் முகக்கவசமும் இங்கே எந்தப் பயனும் தராது. வாயுவை வடிகட்டும் கவசம்கூட இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. முதுகில் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவி ஒன்றே இந்த இடத்துக்குரியது.

அதைவிட நல்ல வழி, மூடியைத் திறக்காமல் இருப்பது. பக்கவாட்டுக் கண்ணாடிக் குழாய், மிதவை, ரேடார் அலை ஆகியவற்றைக் கொண்டு கீழிருந்தே மட்டத்தைப் படிக்கலாம். எண்ணெய்த் தொழிலுக்கான தரநிலைகளை வகுக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (ஏபிஐ) 2016-இல் தன் அளவீட்டுக் கையேட்டில், மூடியைத் திறக்காமல் எண்ணெயை அளந்து கைமாற்றும் முறைகளுக்கென்றே தனிப் பகுதி வெளியிட்டது. ‘டிப் எடுத்தால்தான் மனசு நிறையும்’ என்று பழகியவர்களுக்கு அது உவப்பாக இராது. ஆனாலும் இனி எந்தத் தளத்திலும் முதல் தெரிவு அதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால், எண்ணெய் வரத்தை வேறு அறைக்கு மாற்றி, உள்ளே வாயு அடங்கக் காத்திருந்து, பிறகே ஏறுகிறார்கள். கீழே ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்று முதுகில் நேராக அடித்தால் உடலுக்கு முன்னால் ஒரு சுழல் உண்டாகி ஆவியை முகத்துக்கே இழுத்து வரும். அதனால் காற்று பக்கவாட்டில் வீசும்படி நிற்பது நல்லது. மூடியைச் சற்றே தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளழுத்தம் அடங்கிய பிறகு முழுவதும் திறக்க வேண்டும். காற்றசைவு இல்லாத விடியற்காலையில் இதைச் செய்வது நண்பகலில் செய்வதைவிட ஆபத்தானது. வெளிவந்த ஆவி கலையாமல் அங்கேயே நிற்கும். மேலே ஒருவர் விழுந்துவிட்டால், சுவாசக் கருவி அணியாமல் இன்னொருவர் ஏறக் கூடாது. கழிவுநீர்த் தொட்டி விபத்துகளில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் இறப்பவர்கள் காப்பாற்றப் போனவர்களே என்பதை நாம் அறிவோம்.

சுருக்கமாக: மூடி மூடியிருக்கும்போது ஆபத்து தொட்டிக்கு, திறந்ததும் அது ஆளுக்கு. மூக்கும் பழக்கமும் காவல் அல்ல, கருவியும் துணையாளும்தான் காவல்.

தீ எதில் பற்றுகிறது

‘எண்ணெய் டேங்க் வெடித்தது’ என்று செய்தியில் படிக்கிறோம். திரவமாக இருக்கும் எண்ணெய் வெடிப்பதில்லை. அதன் ஆவி காற்றோடு குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கும்போதுதான் வெடிக்கிறது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பற்றாது. எடை கூடிய எண்ணெய் ஆவிகளுக்குத் தொடக்க வரம்பு ஒன்றிரண்டு விழுக்காடே. அவை சமையல் வாயுவைப் போலத் தரையோடு தவழ்ந்து, நாற்பது அடி தள்ளி ஓடும் ஜெனரேட்டரைத் தேடிப் போகும். அந்த ஆவியை உறிஞ்சிய டீசல் எஞ்சின், எரிபொருளை நிறுத்தினாலும் நிற்காமல் வேகமெடுக்கக் கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

பொறி எங்கிருந்து வரும்? பீடி, கைபேசி, வெல்டிங் ஆகியவற்றை எல்லோரும் சொல்வார்கள். அவற்றைத் தடுப்பதும் எளிது. கண்ணுக்குத் தெரியாத பொறி நிலைமின்சாரம். நைலான் துணியைக் கழற்றும்போது படபடவென்று கேட்கிறதே, அதேதான். குழாயில் வேகமாக ஓடும் எண்ணெயும், உயரத்திலிருந்து சிதறி விழும் எண்ணெயும் மின்னூட்டம் பெறுகின்றன. எனவே நிரப்பும் குழாயின் வாய் தொட்டியின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். அந்த வாய் எண்ணெயில் மூழ்கும்வரை ஓட்டம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. தொட்டி, பம்பு, லாரி மூன்றும் ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கப்பட்டு, எர்த் செய்யப்பட்டிருக்க வேண்டும். நிரப்பி முடித்த உடனே நாடாவை இறக்கக் கூடாது. சேர்ந்த மின்னூட்டம் வடிய அவகாசம் வேண்டும். பெரிய தொட்டிகளில் 30 நிமிடம் காத்திருப்பது வழக்கம். மாதிரிக் குப்பியை நைலான் கயிற்றில் கட்டி இறக்கும் பழக்கத்தை இன்னும் சில இடங்களில் காணலாம். பருத்திக் கயிறு மலிவாகவே கிடைக்கிறது.

காற்றுக்குழாயின் வாயில் சுடர்த்தடுப்பான் ஒன்று பொருத்தியிருப்பார்கள். அடுப்புச் சுடரின் மேல் நெருக்கமான கம்பி வலையைப் பிடித்தால், சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். வலை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் மேலே உள்ள வாயு பற்றும் சூட்டை எட்டுவதில்லை. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி நிலக்கரிச் சுரங்க விளக்குக்குப் பயன்படுத்திய அதே தத்துவம். வெளியே மின்னல் விழுந்து ஆவி பற்றினாலும் தீ தொட்டிக்குள் நுழையாமல் இது தடுக்கிறது. ஆனால் இதே நுண்துளைகளில்தான் மெழுகும் தூசும் அடைந்து, காற்றுக்குழாய் அடைபடுவதைப் பற்றி முன்பு சொன்ன 6 டன் கணக்கை உயிர்ப்பிக்கின்றன. கழற்றிச் சுத்தம் செய்த தேதி அதன்மேல் எழுதப்படாத தொட்டியில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நிரம்பி வழிவது

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலையில் நடந்தது கிணற்றுச் சோதனை அல்ல, பெட்ரோல் சேமிப்பு. ஆனாலும் மட்ட அளவைப் பற்றிப் பேசும்போது அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு தொட்டிக்குள் பெட்ரோல் ஏறிக்கொண்டே இருக்க, மட்டமானி ஓர் எண்ணில் சிக்கி அசையாமல் நின்றுவிட்டது. உச்ச மட்டத்தில் தானாக நிறுத்த வேண்டிய தனிச் சுவிட்சும் வேலை செய்யவில்லை. வழிந்த பெட்ரோலின் ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஞாயிற்றுக்கிழமை விடியல் என்பதால் உயிரிழப்பு நேரவில்லை.

கிணற்றுச் சோதனையில் தொட்டி சிறியது, ஓட்டம் வேகமானது. நாளுக்கு 3,000 பீப்பாய் தரும் கிணறு, நாம் மேலே பார்த்த 50 பீப்பாய் அறையை 24 நிமிடத்தில் நிரப்பிவிடும். தேநீர் குடித்துவிட்டு வரும் நேரம் அது. மட்டம் இத்தனை நிமிடத்தில் இவ்வளவு ஏற வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொண்டால், மானி அசையாமல் நிற்பதே எச்சரிக்கையாகிவிடும். தொட்டியைச் சுற்றி அணைபோல ஒரு தடுப்பு அமைப்பதும் கட்டாயம். மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவில் 110 விழுக்காட்டைத் தாங்க வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். இந்தியாவில் எண்ணெய்க் கிணறுகள் 2025 வரை 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்தன; 2017-ஆம் ஆண்டின் எண்ணெய்ச் சுரங்க ஒழுங்குமுறைகள் அச்சட்டத்தின்படி இவற்றுக்கென வகுக்கப்பட்டவை. மேற்பார்வை தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தினுடையது.

காலித் தொட்டி

சோதனை முடிந்து, எண்ணெய் எல்லாம் வெளியேறி, தொட்டியை லாரியில் ஏற்றும் நாள் வருகிறது. எல்லோருக்கும் உடல் தளர்ந்திருக்கும். இனி ஒன்றும் இல்லை என்ற நினைப்பும் வந்திருக்கும். நிறைந்திருக்கும் தொட்டியில் எண்ணெய்க்கு மேல் ஆவி நிற்க இடம் குறைவு. அந்த ஆவியும் தீப்பற்ற முடியாத அளவு அடர்த்தியாகவே பெரும்பாலும் இருக்கும். காலித் தொட்டியிலோ சுவரில் ஒட்டிய எண்ணெயும் அடியில் தங்கிய கசடும் ஆவியாகிக்கொண்டே இருக்க, உள்ளே நுழைந்த காற்று அந்த ஆவியை வெடிக்கும் விகிதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆகவே கழுவி, காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன், எரியும் ஆவி, நச்சு வாயு மூன்றையும் கருவியால் அளந்து, எழுத்து மூலம் அனுமதி பெறாமல் யாரும் உள்ளே இறங்குவதில்லை. கசடைக் கிளறினால் அதில் சிறைப்பட்ட வாயு மீண்டும் வெளிவரும் என்பதால், உள்ளே ஆள் இருக்கும்வரை அளவீடு தொடர்கிறது.

ஹைட்ரஜன் சல்பைடு ஓடிய கலங்களில் இன்னொன்றும் இருக்கும். அந்த வாயு இரும்புத் துருவோடு சேர்ந்து கறுப்பு நிறத்தில் இரும்பு சல்பைடாகப் படிகிறது. காற்றுப் படாதவரை அது சும்மா கிடக்கும். கலத்தைத் திறந்து, அது உலர்ந்து, காற்றும் பட்டால், வெளியிலிருந்து எந்தப் பொறியும் இல்லாமலே தானாகக் கனலத் தொடங்கும். அதனால் அந்தக் கறுப்புக் கசடைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வாளியில் அள்ளிய பிறகும் மேலே தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, ஈரம் காயாமலே தளத்தை விட்டு வெளியே கொண்டுபோகிறார்கள்.